பத்துச் சல்லடையும் ஒரு நுண்ணோக்கியும்

(தூத்துக்குடியில் உயிரியல் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'நுண்ணோக்கிப் படங்களிலிருந்து உருப்படியான அளவுகளை எடுப்பது எப்படி' என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். அளவு எடுப்பதில் இன்று ஒரு சிரமமும் இல்லை. படத்தைக் கணினியில் ஏற்றிப் பொத்தானை அழுத்தினால் பரப்பு, சுற்றளவு, நீளம், அகலம், வட்டத்தன்மை, சராசரி வெளிச்சம் என்று பத்தி பத்தியாக எண்கள் வந்து விழும். 'உருப்படியான' என்கிற சொல்லில்தான் சிக்கல். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் இன்று உரை சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். அதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. முகத்துதி என்று நினைக்க வேண்டாம், காரணம் சொல்கிறேன்.

இந்தக் கடற்கரையில் முத்துச் சிலாபம் என்னும் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கழுவி எடுத்த முத்துகளை வியாபாரிகள் முதலில் சல்லடையில் போடுவார்கள். கிண்ணம் போன்ற பித்தளைச் சல்லடைகள், மொத்தம் பத்து. முதல் சல்லடையில் 20 துளை. அடுத்ததில் 30. பிறகு 50, 80, 100, 200, 400, 600, 800, கடைசியில் 1000. துளைகள் கூடக்கூட ஒவ்வொரு துளையும் சிறுக்கும். இருபதில் தங்கினால் பெருமுத்து.

இந்தச் சல்லடை முத்தில் எதை அளக்கிறது? விட்டத்தை என்பீர்கள். உருண்டை முத்துக்கு அது சரி. பேரிக்காய் வடிவில் ஒரு முத்து இருந்தால்? குலுக்கக் குலுக்க அது புரண்டு, எந்தப் பக்கமாக நுழைய முடியுமோ அந்தப் பக்கமாக நிமிர்ந்து, கீழே விழுந்துவிடும். அதன் நீளத்தைச் சல்லடை கேட்பதே இல்லை. ஒடுங்கிய பக்கத்து அகலம் எவ்வளவு என்று மட்டும்தான் கேட்கிறது.

சல்லடையோடு வேலை முடியவில்லை. அடுத்தது கண். உருட்சியையும் ஒளியையும் நிறத்தையும் பார்த்து ஆணி முதல் தூள் வரை ரகம் பிரித்தார்கள். அதற்குப் பிறகு மஞ்சாடிக் கணக்கில் எடை. அந்த எடையையும் அப்படியே விலையாக்கவில்லை. மொத்த எடையின் வர்க்கத்தை முத்துகளின் எண்ணிக்கையால் வகுக்கிற ஒரு வழி இருந்தது. அந்தக் கணக்கில், ஒரு மஞ்சாடி எடையுள்ள முத்துகள் இரண்டைவிட, இரண்டு மஞ்சாடி எடையுள்ள ஒற்றை முத்துக்கு மதிப்பு இரட்டிப்பாக வரும். பெரிய முத்து எவ்வளவு அரிது என்பதை அந்த வர்க்கம் கணக்குக்குள் கொண்டுவந்துவிடுகிறது.

கவனியுங்கள். அகலத்துக்கு ஒரு கருவி, ஒளிக்கு ஒரு கருவி, மதிப்புக்கு ஒரு கருவி. ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்காகச் செய்யப்பட்டது. நம் கணினி கொடுக்கும் பத்திகளிலோ கேள்வியே இல்லை, விடைகள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. எது எதற்கு விடை என்று தெரியாமல், வித்தியாசம் பெரிதாகத் தெரிகிற பத்தியைப் பொறுக்கிக் கட்டுரையில் போட்டுவிடுகிறோம்.

சல்லடைக்காரர் கேட்ட அதே கேள்வியை இன்று ஒரு சர்வதேசச் சட்டம் கேட்கிறது. அதுவும் உங்கள் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களைப் பற்றித்தான். சரக்கு இல்லாத கப்பல், நிலை தடுமாறாமல் இருக்க அடித்தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொண்டு வரும். பேலஸ்ட் தண்ணீர் என்போம். ஏதோ ஒரு நாட்டுக் கடலின் லார்வாக்களும் பாசிகளும் அதில் ஏறி, இன்னொரு கடலில் இறங்கிக் குடியேறிவிடும். இதைத் தடுக்க 2004-இல் ஒரு ஒப்பந்தம் உருவாகி, 2017 செப்டம்பர் 8 முதல் நடைமுறைக்கு வந்தது. வெளியே விடும் தண்ணீரில் 50 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள உயிரிகள் ஒரு கன மீட்டருக்குப் பத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும். 10 முதல் 50 மைக்ரானுக்குள் உள்ளவை ஒரு மில்லிலிட்டருக்குப் பத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும். எந்த 50 மைக்ரான்? நீளமா, அகலமா? சட்டம் தெளிவாகச் சொல்கிறது: மிகச் சிறிய பரிமாணம். முள், கசை, உணர்கொம்பு எதுவும் சேராது, உடலின் ஒடுங்கிய அளவு மட்டும். சங்கிலியாகக் கோத்து மிதக்கும் டயட்டம் என்றால் சங்கிலியின் நீளம் கணக்கில்லை, ஒற்றைச் செல்தான் கணக்கு.

ஊசிபோல 200 மைக்ரான் நீளமும் 15 மைக்ரான் அகலமும் உள்ள ஒரு டயட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நீளத்தை அளந்தவர் அதை முதல் வகுப்பில் போடுவார், அகலத்தை அளந்தவர் இரண்டாம் வகுப்பில் போடுவார். முதல் வகுப்பில் வரம்பு கன மீட்டருக்கு, இரண்டாவதில் மில்லிலிட்டருக்கு. இடையே பத்து லட்சம் மடங்கு. படம் ஒன்று, உயிரி ஒன்று. எந்தப் பத்தியைப் பார்த்தோம் என்பதில் கப்பலின் தலைவிதி மாறிவிடும். இன்னொரு சொல்லும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது: உயிருள்ள. வடிவத்தை மட்டும் பார்த்து அதைச் சொல்ல முடியாது. செல்லுக்குள் போய் ஒளிரும் சாயங்களைச் சேர்த்து, ஒளிர்கிறதா, அசைகிறதா என்று பார்க்கிறார்கள். நாளைக்கு உங்களில் சிலர் இந்த வேலைக்கே போகக்கூடும்.

சரி, எதை அளப்பது என்று முடிவு செய்துவிட்டோம். அடுத்தது அளவுகோல்.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மையத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1973-இல் வேப்பலோடையில் கே. அழகர்சாமியும் உடனிருந்தவர்களும் இந்தியாவின் முதல் வளர்ப்பு உருண்டை முத்தை எடுத்தார்கள். கடலில் கிடைக்கும் சிப்பியை நம்பியே இருக்க முடியாது என்று, 1981-இல் பொரிப்பகத்திலேயே முத்துச்சிப்பிக் குஞ்சுகளை உற்பத்தி செய்தார்கள். கடலுக்குள் நடப்பதை நுண்ணோக்கியின் கீழ் நாள்வாரியாகப் பதிவு செய்தது அந்த வேலையின் பெரிய பயன். கருவுற்ற முட்டை 47.5 மைக்ரான். இருபது மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆனதும் ஆங்கில 'டி' எழுத்துப் போன்ற லார்வா, 67.5 மைக்ரான். பன்னிரண்டாம் நாளை ஒட்டி உச்சி புடைத்த நிலை, 135-க்கு 130. பதினைந்தாம் நாள் கண்புள்ளி, 190-க்கு 180. பதினெட்டாம் நாள் ஊன்றிக்கொள்ளக் கால் முளைத்த நிலை, 200-க்கு 190. இருபத்துநான்காம் நாள் ஒட்டிக்கொண்ட குஞ்சு, 300-க்கு 330.

எண்களைக் கூர்ந்து பாருங்கள். 47.5, 67.5 இரண்டும் 2.5-இன் மடங்குகள். பெரிய லார்வாக்களின் எண்கள் ஐந்திலோ சுழியத்திலோ முடிகின்றன. சிப்பி ஒன்றும் 2.5 மைக்ரான் படியாக வளர்வதில்லை. கண்வில்லைக்குள் இருந்த அளவுகோலின் படி அது என்று நினைக்கிறேன். எனக்கு இது ஒரு குறையாகத் தெரியவில்லை. எவ்வளவு நுட்பமாகப் பார்க்க முடிந்ததோ அவ்வளவுதான் எழுதியிருக்கிறார்கள். இன்று அதே லார்வாவுக்குக் கணினி 67.4382 என்று காட்டும். நாமும் நான்கு தசமத்தையும் அப்படியே எழுதுகிறோம். லார்வாவின் ஓரம் படத்தில் இரண்டு மூன்று பிக்சல் அகலத்துக்கு மங்கலாக இருக்கும்போது அந்த 4382 எங்கிருந்து வந்தது?

இன்னொன்று. 67.5-இலிருந்து 200 மைக்ரான் ஆவது நீளத்தில் மூன்று மடங்கு என்று தோன்றும். வடிவம் அப்படியே பெரிதானது என்று கொண்டால் பருமனில் அது ஏறக்குறைய 26 மடங்கு. தீனிப் பாசியை நீளத்துக்கு ஏற்பவா போடுவது, பருமனுக்கு ஏற்பவா? இங்கேயும் கேள்விதான் பத்தியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பொரிப்பகத்தில் லார்வாக்களை அளவுவாரியாகப் பிரிக்க இன்றும் நைலான் வலைச் சல்லடைதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பித்தளை போய் நைலான் வந்தது, அவ்வளவே.

அளவுகோல் விஷயத்தில் என் தலையில் நானே மண் போட்டுக்கொண்ட கதை ஒன்று உண்டு. ஆசிரியனாகச் சேர்ந்த புதிதில், ஒரு ஆய்வகத்தில் சிப்பி முட்டைகளைப் படம் எடுத்தோம். மென்பொருளில் ஒரு பிக்சல் எத்தனை மைக்ரான் என்று பதிந்து வைத்திருந்தது 10 மடங்கு லென்சுக்கு. நாங்கள் எடுத்ததோ 20 மடங்கு லென்சில். மாற்ற மறந்தது நான். முட்டைகள் எல்லாம் 95 மைக்ரான் என்று வந்தன. 'நம்ம ஊர்ச் சிப்பி பெரிய முட்டை போடுது' என்று ஒரு கோட்பாடே உருவாகிவிட்டது. உப்புச்செறிவு, கடல்நீரோட்டம் என்று காரணங்கள் கூட யோசித்து வைத்திருந்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு மாணவி ஸ்டேஜ் மைக்ரோமீட்டரையே படம் எடுத்து அளந்து பார்த்தார். அது வெறும் கண்ணாடிச் சில்லு. ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்துக் கோடு போட்டிருக்கும். பத்துக் கோடு, அதாவது 100 மைக்ரான், எங்கள் கணினியில் 200 என்று வந்தது. அந்த மாணவி என்னை ஒன்றும் சொல்லவில்லை. படத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இப்போது சற்றுப் பெரிய பிழைக்கு வருவோம். பெரியவர்கள் செய்த பிழை.

1902-இல் வில்லியம் ஹெர்ட்மன் என்ற விலங்கியல் பேராசிரியரை இலங்கை அரசு வரவழைத்தது. மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்கள், அதாவது சிப்பி வாழும் கடலடித் திட்டுகள், சில ஆண்டு செழித்தும் பல ஆண்டு வெறுமையாகவும் கிடப்பது ஏன் என்று கண்டுபிடிக்கச் சொன்னது. அவருக்கு உதவியாக வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். பிற்பாடு இதே ஹார்னெல் சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்து, நம் கரையின் முத்துக்குளிப்பைப் பற்றி 1922-இல் விரிவாக எழுதினார். ஹெர்ட்மனின் அறிக்கையை லண்டன் ராயல் சொசைட்டி 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளியிட்டது. இன்றும் படிக்கத்தக்க நூல். பார்களின் வரைபடம், சிப்பியின் உடற்கூறு, கூட வாழும் உயிரினங்கள் என்று அள்ள அள்ளக் குறையாது.

அந்த அறிக்கையில் ஒரு முடிவு உலகெங்கும் பேசப்பட்டது. உயர்ந்த முத்துக்குக் காரணம் ஒரு நாடாப்புழுவின் லார்வா. சிப்பியின் திசுவை மெல்லிய சீவல்களாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தபோது, சின்னஞ்சிறு உருண்டைகள் தென்பட்டன. அவை புழுவின் இளம் நிலை என்றும், அது செத்து அதைச் சுற்றி முத்து படிகிறது என்றும் கொண்டார்கள். சிப்பியைத் தின்னும் மீனுக்குள் போய், அந்த மீனைத் தின்னும் திருக்கைக்குள் புழு முதிர்கிறது என்று வாழ்க்கைச் சக்கரமும் வரைந்தார்கள். கேட்க அழகாக இருந்தது. சிப்பிக்குப் புழுத்தொற்றைப் பெருக்கினால் முத்தும் பெருகும் என்ற ஆசையும் எழுந்தது. 1906-இல் லண்டன் கம்பெனி ஒன்று இலங்கைப் பார்களை இருபது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. 1907-க்குப் பிறகு அவர்கள் காலத்தில் சிலாபமே கூடவில்லை. கம்பெனி கவிழ்ந்தது. அதற்குப் புழு காரணமில்லை, பார்கள் வெறுமையானதுதான் காரணம்.

1912-இல் லிஸ்டர் ஜேம்சன் என்பவர் புழுக் கதையை மறுத்தார். அவர் ஆராய்ந்த இலங்கை முத்துகளின் மையத்தில் நாடாப்புழு அகப்படவில்லை, சிப்பியின் ஓட்டுப் பொருளைச் சேர்ந்தவையே அகப்பட்டன. இன்று நாம் அறிந்தபடி, சிப்பியின் மேலங்கித் தோல் செல்கள் உடலுக்குள் இடம்பெயர்ந்து ஒரு பையாகக் கட்டிக்கொள்வதே முத்துக்கு அடிப்படை. வளர்ப்பு முத்துக்கு மணியோடு ஒரு துண்டு மேலங்கியையும் சேர்த்து வைப்பது அதனால்தான்.

ஹெர்ட்மன் ஏமாற்றுக்காரர் இல்லை, திறமைசாலி. படத்தில் இருந்ததைத்தான் பார்த்தார். ஆனால் சீவலில் தெரியும் ஓர் உருண்டையைப் 'புழு' என்று சொல்ல என்னென்ன அடையாளம் இருக்க வேண்டும் என்று முதலிலேயே வரையறுத்துக்கொள்ள வேண்டும். முத்து உள்ள சிப்பி, முத்து இல்லாத சிப்பி இரண்டிலும் அந்த உருண்டைகளை எண்ண வேண்டும். எது எந்தச் சிப்பி என்று எண்ணுகிறவருக்குத் தெரியக் கூடாது. ஸ்லைடின் பெயர்ச்சீட்டை மறைத்து எண் மட்டும் ஒட்டிக்கொள்வது எவ்வளவு சுலபம்! ஒரு துண்டுக் காகிதச் செலவு. எங்கள் ஆய்வகத்தில் இன்றும் நான் அதிகம் சண்டை போடுவது இந்தக் காகிதத்துக்காகத்தான். 'எனக்கு எந்தச் சார்பும் இல்லையே சார்' என்பார்கள். சார்பு இல்லாதவருக்குச் சீட்டு மறைந்திருப்பதால் என்ன நட்டம்?

சீவல் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. இங்கே வந்ததும் உங்கள் ஊர் மக்ரூன் கொடுத்தார்கள், நன்றி. அந்த மக்ரூனைத் தட்டில் வைத்து நேர் மேலிருந்து படம் எடுங்கள். வட்டம் தெரியும். கணினி பரப்பைச் சொல்லும், விட்டத்தைச் சொல்லும், 'வட்டத்தன்மை ஒன்று' என்று சான்றிதழும் கொடுக்கும். பக்கத்திலிருந்து எடுத்தால் கூம்பு. சாப்பிடுகிறவருக்கு எது மக்ரூன்? நுண்ணோக்கிப் படம் பெரும்பாலும் மேலிருந்து எடுத்த மக்ரூன்தான். ஸ்லைடில் பக்கவாட்டில் படுத்திருக்கும் 'டி' லார்வா ஓர் அளவு கொடுக்கும். விளிம்பில் நிமிர்ந்து நிற்கும் லார்வா வேறு அளவு கொடுக்கும். இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் இல்லாத ஒரு லார்வா கிடைக்கும்.

சீவினால் இன்னும் மோசம். ஒரு வளர்ப்பு முத்தை எடுத்துக்கொள்வோம். உள்ளே 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள மணி, சுற்றிலும் அரை மில்லிமீட்டர் முத்துப்பூச்சு. ஆக முத்தின் விட்டம் 5 மில்லிமீட்டர். நடு மையத்தில் சரியாக அறுத்தால் பூச்சு 0.5 மில்லிமீட்டராகத் தெரியும். கத்தி மையத்திலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளிப் போய்விட்டது என்று வையுங்கள். பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டுப் பாருங்கள்: வெளிவட்டத்தின் ஆரம் 2, உள்வட்டத்தின் ஆரம் 1.32, பூச்சு 0.68 மில்லிமீட்டர். மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே கூடிவிட்டது. மையத்தில் அறுக்காதவருக்கு எப்போதும் பூச்சு தடிப்பாகவே தெரியும், ஒருபோதும் மெலிவாகத் தெரியாது. பத்து முறை அளந்து சராசரி எடுத்தாலும் இந்தப் பிழை குறையாது, ஏனென்றால் எல்லாம் ஒரே பக்கம் சாய்கிறது.

திசுச் சீவலில் செல் உட்கருக்களுக்கு இதன் மறுபக்கம். உருண்டைகளைக் கண்டபடி அறுத்தால் பெரும்பாலும் மையத்துக்கு வெளியேதான் கத்தி விழும். வட்டங்கள் உண்மையைவிடச் சிறியவையாகத் தெரியும். எல்லாம் 10 மைக்ரான் உருண்டைகள் என்றால் சீவலில் தெரியும் வட்டங்களின் சராசரி விட்டம் 7.85 மைக்ரான்தான். ஸ்வீடன் நாட்டுப் புள்ளியியலாளர் விக்செல் இந்தச் சிக்கலுக்கு 1925-லேயே கணிதம் எழுதிவிட்டார். நூறு ஆண்டு ஆகிறது. இன்னும் ஆய்வேடுகளில் சீவல் வட்டத்தின் விட்டத்தைச் 'செல்லின் விட்டம்' என்று படிக்கிறேன்.

முத்தைப் பற்றிப் பேசும்போது சர் சி.வி. ராமனை விடமுடியாது. முத்துப்பூச்சு அரகோனைட் படிகத் தகடுகள் அடுக்கடுக்காக அமைந்தது. ஒரு தகட்டின் தடிமன் அரை மைக்ரான் அளவு. சாதாரண ஒளி நுண்ணோக்கியால் ஏறத்தாழ 0.2 மைக்ரானுக்குக் கீழே இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட முடியாது. ஒளியின் தன்மையால் வரும் எல்லை அது, இயற்பியலாளர் அபே 1873-இல் சொன்னது. அரை மைக்ரான் தகட்டைப் பார்த்துவிடலாம், ஆனால் அளக்கும்போது ஓரத்து மங்கலே தகட்டில் பாதியை விழுங்கிவிடும். ராமன் 1930-களில் வண்ணம் மின்னும் ஓடுகளையும், 1954-இல் டி. கிருஷ்ணமூர்த்தியோடு முத்துகளையும் ஆராய்ந்தபோது வேறு வழியில் போனார். ஓட்டிலிருந்து தெறித்துவரும் நிறங்களைப் படித்தார். அடுக்கின் தடிமன் அந்த நிறத்திலேயே எழுதியிருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போவதுதான் அளக்கும் வழி என்று நினைக்கிறவர்கள் இதை ஒரு முறை யோசிக்கலாம்.

இனி, படத்தில் எது உயிரி, எது வெற்றிடம் என்று கணினியிடம் சொல்லும் வேலை. ஆங்கிலத்தில் த்ரெஷோல்டு என்கிறோம். நான் வரப்பு என்பேன். இந்த வெளிச்சத்துக்கு மேலே இருந்தால் செல், கீழே இருந்தால் பின்னணி என்று வரப்பு கட்டுவது. உங்கள் ஊர் உப்பளத்தை உச்சி வெயிலில் மேலிருந்து படம் எடுங்கள். பிறகு சாயங்காலம் நிழல் நீண்டபின் எடுங்கள். 'வெள்ளையாக இருப்பது உப்பு' என்று ஒரே வரப்பை இரண்டுக்கும் போட்டால், அம்பாரம் ஒன்றும் நகராமலே மாலையில் உப்பு குறைந்துபோயிருக்கும். நுண்ணோக்கி விளக்கும் படத்தின் நடுவில் பிரகாசமாகவும் ஓரத்தில் மங்கலாகவும்தான் விழுகிறது. ஓரத்துச் செல்கள் எல்லாம் 'சிறிய' செல்களாகிவிடும். வெறும் ஸ்லைடை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு அதனால் வகுத்தால் இந்தச் சாய்வு போய்விடும்.

வரப்பை எங்கே போடுவது என்பதற்கு ஜப்பானியர் ஓட்சு 1979-இல் தந்த முறை இன்றும் நல்லது. ஒளியும் இருளும் இரு குவியலாகத் தெளிவாகப் பிரிந்திருக்கிற படத்துக்கு அது போதும். எந்த முறையானாலும், எல்லாப் படத்துக்கும் ஒரே முறை. 'இந்தப் படத்துக்குக் கொஞ்சம் கையால் சரிசெய்தேன்' என்றால் அளந்தது செல்லை இல்லை, உங்கள் கையை. உப்பளத்தில் செந்நீராகத் தெரியும் துனலியெல்லா பாசி உங்களுக்குத் தெரியும். அதற்குக் கெட்டியான செல்சுவர் கிடையாது. உப்பு கூடினால் சுருங்கும், குறைந்தால் உப்பும். அயோடின் கரைசலில் பதப்படுத்தினாலும் செல்லின் அளவு மாறும். ஸ்லைடு போடும் முன்பே அளவு மாறிவிட்டால் ஓட்சு என்ன செய்வார்?

வெளிச்சத்தையே அளக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எட்டு பிட் படத்தில் 255-தான் உச்சம். 255-ஐத் தொட்ட பிக்சல் உண்மையில் 300 ஆக இருந்ததா 3000 ஆக இருந்ததா என்று தெரியாது. ஐம்பது கிலோ தராசில் மூட்டையை வைத்து 'ஐம்பது' என்று எழுதுவது போல. தயவுசெய்து வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் அளவு எடுக்காதீர்கள். அனுப்பும்போதே அது படத்தை நசுக்கி, தன் விருப்பப்படி பிக்சல்களை மாற்றிவிடுகிறது.

எத்தனை அளந்தால் போதும் என்று எப்போதும் கேட்பீர்கள். அதற்கும் சிலாபக் கணக்கிலேயே விடை இருக்கிறது. சிலாபம் கூட்டலாமா என்று முடிவு செய்யும் முன், பார்களிலிருந்து சில ஆயிரம் சிப்பிகளை மாதிரிக்கு எடுப்பித்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துகளை மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்தார்கள். பார் என்பது வயல் போல ஒரே சீரான இடம் இல்லை. ஒரு மூலையில் முதிர்ந்த சிப்பி, மறு மூலையில் குஞ்சு. ஒரே இடத்தில் பத்தாயிரம் அள்ளினாலும் அது ஓர் இடத்துச் செய்திதான்.

ஆய்வகத்தில் நாம் செய்வது என்ன? மூன்று சிப்பி. ஒவ்வொன்றின் இரத்தத்திலும் ஐந்நூறு செல். ஆக 1500 அளவுகள் என்று மார்தட்டுகிறோம். கேள்வி சிப்பிகளைப் பற்றியது என்றால் உங்களிடம் இருப்பது மூன்று. ஹர்ல்பர்ட் என்ற சூழலியலாளர் 1984-இல் இதற்குப் 'போலி மறுபிரதி' என்ற பொருளில் ஒரு பெயரே வைத்தார். அந்தப் பெயர் வந்த பிறகும் வழக்கம் போகவில்லை. ஒரு சிப்பியில் ஐந்நூறு செல் அளப்பதற்குப் பதில், முப்பது சிப்பியில் ஐம்பது ஐம்பதாக அளங்கள். வேலை அதே 1500-தான். எண்ணிக்கையில் எவ்வளவு ஆட்டம் இருக்கும் என்பதற்கு மனக்கணக்கும் சொல்லித் தருகிறேன்: எண்ணியதின் வர்க்கமூலம். தீனிப் பாசியை ஹீமோசைட்டோமீட்டரில் 25 எண்ணினால் ஐந்து முன்பின், அதாவது 20 விழுக்காடு. 100 எண்ணினால் 10 விழுக்காடு. 400 எண்ணினால் 5.

பவளத்துக்கு வரும்போது வகுக்கிற எண்ணும் தொந்தரவு. வான் தீவு, காசுவார் தீவுப் பக்கம் கடல் சூடேறும்போது பவளம் வெளிறுகிறது. 2016-இல் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். திசுவுக்குள் வாழும் பாசிச் செல்களைப் பவளம் இழப்பதே வெளிறல். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை பாசிச் செல் என்பதுதான் அளவு. செல்லை நுண்ணோக்கியில் எண்ணிவிடுவோம். கொம்புகொம்பாக வளைந்த பவளத்தின் சதுர சென்டிமீட்டரை யார் தருவது? அலுமினியத் தாளைப் பவளத்தின் மேல் ஒட்டச் சுற்றி, தாளை எடைபோட்டுப் பரப்பைக் கணக்கிடும் பழைய வழி ஒன்று உண்டு. லட்ச ரூபாய் நுண்ணோக்கியின் நுட்பம் முழுவதும் கடைசியில் அந்தச் சமையலறைத் தாளின் மடிப்பில் போய் நிற்கிறது. பிழை எங்கே பெரிதோ அங்கே உழைப்பைக் கொட்ட வேண்டும். நமக்குப் பிடித்த கருவி எங்கே இருக்கிறதோ அங்கே கொட்டுகிறோம்.

செயற்கை நுண்ணறிவு பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று முன்வரிசையில் முணுமுணுப்பு கேட்கிறது. செல்போஸ் போன்ற மென்பொருள்கள் நன்றாகவே செல்லின் ஓரத்தை வரைகின்றன; நானும் பயன்படுத்துகிறேன். அவை படித்த படங்களில் நம் முத்துச்சிப்பி லார்வா இருந்ததா என்பதே என் கேள்வி. ஐம்பது படத்தைக் கையால் வரைந்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகு ஆயிரம் படத்தைக் கொடுங்கள். காசு இல்லாத கல்லூரிக்கு இமேஜ்ஜே என்ற மென்பொருள் இருக்கிறது. வேய்ன் ராஸ்பாண்ட் என்பவர் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் 1997-இல் எழுதிக் கொடுத்தது; முற்றிலும் இலவசம். இன்று சொன்ன கணக்குகள் பெரும்பாலும் அதிலேயே செய்யலாம்.

நாளை காலை பத்து மணிக்குப் பயிற்சி வகுப்பு. ஸ்லைடு கொண்டு வருகிறவர்கள் ஒரு தாளில், இந்தப் படத்திடம் என்ன கேட்கப் போகிறேன் என்று ஒரே வாக்கியம் எழுதிக் கொண்டு வாருங்கள். தமிழில் எழுதினால் போதும். கணினியைத் தொடும் முன்பு முதல் படமாக ஸ்டேஜ் மைக்ரோமீட்டரை எடுத்து அதே கோப்புறையில் போடுங்கள். கண்ணாடிச் சில்லு என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது, கீழே போட்டுவிடாதீர்கள்.